இடுப்பில் கட்டியிருந்த பவுண் காசுகள்

எங்கள் பக்கத்தில் பிறந்த பெண்கள் எல்லோரும் விவரம் தெரிந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கும் சொல் பவுண். தாலிக்கொடி எத்தினை பவுண், பவுண் என்ன விலை போகுது, அவள் போட்டிருக்கிறது பவுணோ கவரிங்கோ என்று நானும் சொல்லி வளர்ந்தவள்தான். பவுண் என்றால் தங்கம், எட்டுக் கிராம் தங்கம். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்குள் ஏதும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

காதுத் தோட்டின் பின்பக்கச் சுரை கழன்று போனதால் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் உள்ள நகைக்கடைக்குப் போனேன். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை அது, நானா என்றுதான் கூப்பிடுவோம். முன்னால் கண்ணாடி அலுமாரி, பின்னால் சின்னப் பட்டறை. அவர் அப்போது அறுந்த சங்கிலித் துண்டுகளை உருக்கப் போட்டுக்கொண்டிருந்தார். துண்டுகளோடு வட்டமான ஒன்றும் மண்கிண்ணத்துக்குள் விழுந்தது. விழுந்தபோது அது என் பக்கம் பார்த்தபடி கிடந்தது. ஒரு பெண்ணின் முகம். தலைமயிரை வாரிப் பின்னால் முடிந்து நாடா கட்டியிருந்தாள். கழுத்து நீளம். நெருப்பு அவள் மேல் பட்டதும் முகம் சிவந்தது, மூக்கு மழுங்கியது, பிறகு அங்கே முகமே இல்லை. மஞ்சளாக ஒரு துளி மட்டும் உருண்டு நின்றது.

“அது என்ன நானா?” என்று கேட்டேன்.

“பவுண் மிஸ்.”

“பவுண்தான். ஆனா காசு மாதிரிக் கிடந்ததே?”

அவர் சிரித்தார். “பவுண் எண்டாலே காசுதானே. வெள்ளைக்காரன்ட தங்கக்காசு. அதிண்ட நிறையத்தான் நாம ஒரு பவுண் எண்டு சொல்ற. இது ஒரு வீட்டுக்காரங்கட பழைய கொடியில கிடந்தது. காப்புச் செய்யோணும் எண்டு தந்திரிக்காங்க.”

சுரையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பாலையூற்றில் எங்கள் வீடு வரும்வரை அந்த முகம் உருகிக்கொண்டே வந்தது. நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஒரு சொல்லுக்குள் ஒரு ராணி இருந்திருக்கிறாள். அவளைக் காணவும் இழக்கவும் எனக்குக் கிடைத்தது ஒரு கண்வெட்டு நேரம்.

அப்படித்தான் நான் காசு சேர்க்கத் தொடங்கினேன். வைத்தியசாலையில் எக்ஸ்றே எடுப்பது என் தொழில். அரசாங்கச் சம்பளத்தில் தங்கக்காசு சேர்க்க ஏலாது என்பதால் வெள்ளியில் இறங்கினேன். அதற்குத் திருகோணமலையைப் போல ஓர் ஊர் கிடைக்காது. வெள்ளைக்காரனின் கடற்படை குடியிருந்த துறைமுகம் இது. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு, கரைவலை இழுப்பவர்களின் காலில் ஷில்லிங்குகள் இடறும். உப்பில் கிடந்து கறுத்துப் போயிருக்கும். வலைக்காரர்கள் சிலர் என்னைத் தெரிந்துவைத்துக்கொண்டு, காலுக்கோ கைக்கோ எக்ஸ்றே எடுக்க வரும்போது சட்டைப்பையில் ஒன்றைக் கொண்டுவருவார்கள். சில வீடுகளில் பிள்ளைக்கு அரைஞாணில் கோத்த ரூபாய்க் காசுகள் இருந்தன. தாடி வைத்த ராசா, மொட்டைத்தலை ராசா, முடிசூடிய ராசா என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டு, எக்ஸ்றே படம் வந்த பழைய மட்டைப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அடுக்கினேன். நான் எதையும் மினுக்குவதில்லை. கடல் பூசிய கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

என் கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் திருத்தும் பிரிவில் வேலை. அவருக்கு இது விளங்கவே இல்லை. “எங்களை ஆண்டுபோட்டுப் போனவங்களின்ர தலையைத் தேடித் தேடிச் சேர்க்கிறீர். உமக்கென்ன அவங்களில அவ்வளவு விருப்பம்?” என்று கேட்பார்.

எனக்கு அவர்களில் விருப்பம் இல்லை. இதே துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவர்களின் கூலியும் இந்த முகங்களோடுதானே வந்திருக்கும். ஒரு கறுத்த ஷில்லிங்கை உள்ளங்கையில் வைத்தால் அதன் குளிர் மெல்ல விலகி என் சூடு அதற்குள் ஏறும். இதற்கு முன் யாருடைய சூடு இதில் இருந்தது என்று நினைப்பேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பேச்சு வராது. கோயிலில் திரை விலகும்போது வாய் மூடிக்கொள்ளுமே, அப்படி.

பல வருடம் சீட்டுக் கட்டி ஒரே ஒரு தங்கக்காசும் வாங்கினேன். உருக்க வந்ததை நானா எனக்காக எடுத்துவைத்திருந்தார். முக்காடு போட்ட வயதான ராணி. மறுபக்கத்தில் குதிரைமேல் ஒரு வீரன், குதிரையின் காலடியில் பறவைநாகம் ஒன்று சுருண்டு கிடக்கிறது. அந்த நிலத்தின் கோட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் மட்டும் தெரிகிற ஓர் எழுத்து இருக்கும். காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதை அந்த எழுத்துச் சொல்லும். என்னுடையது மெல்பேர்ண். சிட்னி, பேர்த் காசுகளும் உண்டு. பம்பாயில் முதலாம் உலக யுத்தத்தின்போது ஒரேயொரு வருடம் மட்டும் அடித்தார்கள் என்று வாசித்திருந்தேன். நம் பக்கத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு பிறந்த பவுண் அது. அதை ஒருமுறை கண்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒருநாள் ஓர் அம்மாவை ஈச்சிலம்பற்றில் இருந்து எங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது பகல் வெயில் ஏறியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தா. தள்ளுவண்டியில் கிடந்தவவின் ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. படம் எடுக்க முன்னமே இடுப்பெலும்பு முறிவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட வந்தவள் மகள். இருபத்தைந்தை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு. கழுத்தில் நூல்போல ஒரு கொடி. தாயின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

“உடம்பில நகை, ஊசி, காசு ஏதும் இருக்கே அம்மா?” என்று வழக்கம்போலக் கேட்டேன்.

“ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

மகளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் படத்தை எடுத்தேன். திரையில் படம் விழுந்தது.

நான் எத்தனையோ ஆயிரம் இடுப்புகளைப் பார்த்தவள். எலும்பு சாம்பல் நிறத்தில் வரும், தசை புகைபோல வரும். அந்தப் படத்தில் எலும்புக்குக் குறுக்கே வெண்மையான வட்டங்கள் வரிசையாக நின்றன. கதிர் எலும்பை ஊடுருவும். அந்த வட்டங்களை ஊடுருவவில்லை. சில முழு நிலவாக இருந்தன. சில சரிந்து நீள்வட்டமாகியிருந்தன. எல்லாம் ஒரே அளவு, நடுவில் மட்டும் ஒன்று பெரிது. கை தானாகவே அளவுகோலைத் திரையில் இழுத்தது. இருபத்திரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. படம் எதையும் கொஞ்சம் பெருப்பித்துத்தான் காட்டும். அப்படியென்றால் சரியாக ஒரு பவுண் காசின் அகலம். முறிந்த எலும்பை நான் பிறகுதான் பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். “அம்மா, இடுப்பில என்ன கட்டியிருக்கிறீங்கள்?”

அவ கண்ணை மூடிக்கொண்டா. “பிள்ளை கண்டிட்டீங்களே?”

“கண்டிட்டன்.”

“உடுப்புக்குள்ளாலயும் தெரியுமே அதில?”

“எலும்பே தெரியுது அம்மா.”

“பவுணுமோ?”

“எலும்பைவிடப் பவுண்தான் வடிவாத் தெரியுது.”

அந்த வலியிலும் அவவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு உடனே போய்விட்டது. என் கையைப் பிடித்தா. “மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவளுக்கு இது தெரியாது.”

உள்பாவாடைக்குள், தோலை ஒட்டி, துணியால் தைத்த ஒரு பட்டி இருந்தது. அதைக் கழற்றாமல் முறிவைச் சரியாகப் படம் எடுக்க ஏலாது. அடுத்தநாள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் அதோடு போகவும் ஏலாது. இதை எடுத்துச் சொன்னேன். அவ பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. பிடித்தபடியே, அறைக்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னா.

காசுகள் அவவின் தாயின் தாலிக்கொடியிலும், அதற்கு முன் தாயின் தாயின் கொடியிலும் கிடந்தவை. யுத்தத்தில் கடைசி இடப்பெயர்வின்போது வெருகல் ஆற்றைக் கடக்க முன்னம் அவற்றைத் தன் கொடியிலிருந்து கழற்றித் துணியில் வைத்துத் தைத்து இடுப்பில் கட்டியிருக்கிறா. அப்படியே கரையோடு நடந்து வாகரை. அங்கே எறிகணை விழுந்த செல்லடியில் கணவன் போய்விட்டார். பிறகு மட்டக்களப்புப் பக்கம் முகாம்.

“முகாமில பிள்ளை பசியில அழுதவள். நான் வெறும் தேத்தண்ணி குடுத்தனான். இடுப்பில இது கிடந்தது. விக்கேல்ல.” பட்டியை விரலால் தடவினா. “இதைவிடக் கெட்ட நாள் ஒண்டு வரும், அப்ப விப்பம் எண்டு நினைச்சன். திரும்பி வந்து வீடு இல்லாமத் தறப்பாள் கூடாரத்துக்குள்ள இருக்கேக்கையும் அப்பிடித்தான் நினைச்சன். அவளின்ர கலியாணத்துக்கும் எடுக்கேல்ல. இன்னும் கெட்ட நாள் வருமெண்டு நினைச்சு நினைச்சு... இப்ப அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? பசியோட கிடந்த பிள்ளைக்கு?”

நழுவிய தலையணையை அவவின் தலைக்குக் கீழே சரிசெய்தேன்.

“நீங்கள் வைச்சிருங்கோ பிள்ளை. காலை வெட்டித் தைச்சு முடிய வந்து வாங்கிறன். உங்கட முகத்தைப் பார்த்தா நம்பலாம்.”

அந்தப் பட்டி ஒரு இரவு என் வீட்டு மேசை விளக்கின் கீழே கிடப்பதை நான் கண்முன் கண்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கண்டேன். ஏலாது என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் எடுத்தது. “நோயாளரின்ர பொருளை நாங்கள் வைச்சிருக்கேலாது அம்மா. சொந்தக்காரரிட்டத்தான் குடுக்கோணும். அவள் உங்கட பிள்ளைதானே.”

அவ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டா. கடைசியில், “கூப்பிடுங்கோ” என்றா.

மகள் உள்ளே வந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, தாய் பட்டியின் முடிச்சை மட்டும் காட்டினா. மகள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். இறுகிக் கல்லாகிப் போன முடிச்சு. நகத்தாலும் பிறகு பல்லாலும் அவிழ்த்தாள். பட்டியை உருவி எடுத்து, ஒரு கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

“அது வந்து மகள்...” என்று தாய் தொடங்கினா.

“தெரியும் அம்மா.”

“என்ன தெரியும்?”

“முகாமில உங்கட மடியிலதானே படுத்தனான். காதுக்குக் கீழ வட்டமா வட்டமா இருக்கும். கையால தடவியும் பார்த்திருக்கிறன், நீங்கள் நித்திரை கொள்ளேக்க.”

தாய் அவளையே பார்த்தா. “பிறகேன்டி ஒருநாளும் கேக்கேல்ல?”

“என்னத்துக்குக் கேக்க? எங்களிட்ட ஒண்டும் இல்லை, எல்லாம் போட்டுது எண்டு முகாமில எல்லாரும் அழுறவை. நான் அழுறது பசிக்கு மட்டும்தான். அம்மாட்ட இருக்குது, எங்களுக்கு ஒண்டும் நடவாது எண்டு எனக்குத் தெரியும். கேட்டா நீங்கள் வித்துப்போடுவீங்கள் எண்டு பயமா இருந்தது.”

நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையில் அந்த வட்டங்கள் இன்னும் நின்றன. எந்த நாட்டிலோ தோண்டி, எந்த நாட்டிலோ அடித்து, ஒரு சாம்ராச்சியத்தின் கணக்கைத் தீர்க்கவென்று கடல் தாண்டி வந்த பொன். அது ஒரு முகாமில், ஒரு சின்னப் பிள்ளையின் காதுக்குக் கீழே கிடந்து, அவளுடைய பயத்தை எடுத்திருக்கிறது. எத்தனையோ வருடமாக நான் காசுகளின் நிறையையும் அகலத்தையும் எழுத்தையும் படித்துவந்தேன். இதைப் பற்றி எதுவும் படித்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை படம் எடுத்தேன். எலும்பும் முறிவும் மட்டும் துப்பரவாக வந்தன. மறுநாள் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. நோயாளர் விடுதிக்குப் போய்ப் பார்த்தபோது மகளின் இடுப்புக் கொஞ்சம் பருத்துத் தெரிந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் காசு சேர்க்கிறவள் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொன்னேன். “அப்ப ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ, ஆறுதலாக் காட்டுறம்” என்று தாய் சொன்னா.

சில மாதம் கழித்து, வயல் அறுவடை முடிந்த நேரத்தில், கணவரின் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர், தோப்பூர் என்று போனால் ஈச்சிலம்பற்று. வைக்கோல் வாசம் தெருவரை வந்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு, முன்னால் ஒரு வேம்பு. அந்த அம்மா பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தா. நடக்க உதவும் இரும்புச் சட்டம் பக்கத்தில் நின்றது. எங்களைக் கண்டதும் அதைப் பிடித்து எழும்பி நாலடி நடந்து காட்டினா.

பட்டி மறுபடி அவவின் இடுப்பில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்றே மகள் அதைத் திருப்பிக் கட்டிவிட்டிருக்கிறாள். இப்போது எனக்காக அவிழ்த்தாள். சுளகில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பிளேட்டால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். காசுகள் துணியில் விழுந்தன. தங்கம் வெள்ளியைப்போலக் கறுப்பதில்லை. அத்தனை வருடம் வியர்வைக்குள் கிடந்தும், நேற்று அடித்தவைபோல அந்த முற்றத்து வெளிச்சத்தை வாங்கித் திருப்பி எறிந்தன. என் கணவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிட்டார்.

கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். முதலாவதில் அவள் இருந்தாள். நாடா கட்டிய கொண்டை, நீண்ட கழுத்து. நானாவின் நெருப்பில் நான் இழந்த அதே ராணி. மறுபக்கத்தில் குதிரைவீரன் இல்லை, கேடயம். அதன் கீழே சின்னதாக ஓர் எழுத்து, சிட்னி. அடுத்தது முக்காட்டு ராணி. அடுத்தது தாடிக்கார மொட்டைத்தலை ராசா. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, முகத்தின் மேடுகள் வழுவழுத்திருந்தன. தாலியோடு கிடந்து பெண்களின் நெஞ்சில் உரசிய பக்கம் அது. நெல் குற்றும்போதும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், தண்ணீர் அள்ளும்போதும் உரசியிருக்கும். ஒரு ராணியின் முகத்தை மூன்று தலைமுறைப் பெண்கள் மெல்ல மெல்லத் தங்கள் மூச்சாலேயே தேய்த்திருக்கிறார்கள். ஓட்டை துளைத்த, வளையம் ஒட்டிய காசுகளைச் சேர்க்கிறவர்கள் பழுதென்று தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளியிருக்கிறேன்.

“இதுகள் எங்கத்தையக் காசு பிள்ளை?” என்று தாய் கேட்டா.

“இது அவுஸ்திரேலியாவில அடிச்சது அம்மா. அங்கதான் பொன் தோண்டினவங்கள்.”

“அவுஸ்திரேலியாவோ?” அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கட ஊர்ப் பொடியள் வள்ளத்தில போனாங்களே, அங்கயோ? பவுண் அங்கயிருந்து வந்திருக்குது. இவங்கள் அதைத் தேடி இங்கயிருந்து போயிருக்கிறாங்கள்.”

கடைசிக்கு முந்தின காசைத் தூக்கினேன். தாடி வைத்த அடுத்த ராசா, பின்னால் குதிரை. குதிரையின் காலுக்குக் கீழே நிலத்தின் கோட்டில் கண்ணாடியை நகர்த்தினேன். ஒரு சின்ன நேர்கோடு. தூசியோ என்று துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். தூசி இல்லை. மேலும் கீழும் சின்னக் கால் வைத்த ஐ என்ற ஆங்கில எழுத்து. பம்பாய். காசைச் சுளகில் வைத்துவிட்டேன். படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒன்று, ஒருமுறை கண்டால் போதும் என்றிருந்த ஒன்று, ஈச்சிலம்பற்றில் ஒரு வேப்பமரத்தின் கீழே அரிசிச் சுளகில் கிடக்கிறது. அதற்கு அதன் அருமை தெரியாது. அதை வைத்திருந்தவர்களுக்கும் அது மற்றவை போல ஒரு பவுண்தான்.

விளக்கிச் சொன்னேன். இரண்டு பேரும் மாறி மாறிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். மகள், “ஒரு நெல்லின்ர கூர் மாதிரி இருக்குது” என்றாள்.

தாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. “பிள்ளை, உங்களுக்கு ஒண்டு வேணுமே? அதையே எடுங்கோ.”

எனக்கு அது வேண்டியிருந்தது. இவ்வளவு வயதில் ஒரு பொருளுக்கு அப்படி ஆசைப்பட்டது நினைவில்லை. பேச்சை மாற்றத்தான் நடுவில் கிடந்த பெரிய காசைக் காட்டினேன். அது தங்கம் இல்லை, வெள்ளி ரூபாய். மண் நிறம் ஏறியிருந்தது. “இது என்னெண்டு அம்மா இதுக்குள்ள வந்தது?”

நான் தொட முன்னம் அவ அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டா. “இது தரமாட்டன் பிள்ளை. பவுணில எது வேணுமெண்டாலும் எடுங்கோ.”

மகள் வியப்போடு தாயைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்த அன்றைக்கு வராத வியப்பு இப்போது வந்தது.

“உன்ர அப்பா கண்டெடுத்தது” என்று தாய் அவளிடம் சொன்னா. “வாய்க்கால் வெட்டேக்க மண்வெட்டியில ‘ணங்’ எண்டு பட்டதாம். நீ அப்ப வயித்துக்குள்ள. ஓடிவந்து கழுவி என்ர கையில வைச்சவர். பிள்ளைக்கு எண்டு அவருக்குக் கிடைச்ச ஒரே சொத்து இதுதானாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். அவரின்ர சாமான் எண்டு வேற ஒண்டும் மிஞ்சேல்ல. ஒரு படம்கூட இல்லை.”

தகப்பனின் படம் ஒன்றுகூட இல்லாமல் வளர்ந்தவள் அந்த மகள். அவள் கையை நீட்டினாள். தாய் ரூபாயை அந்தக் கையில் வைத்தா. அவள் அதைப் பார்க்கவில்லை, விரலை மூடிக் கண்ணையும் மூடிக்கொண்டாள். விளிம்பில், மண்வெட்டி பட்ட இடத்தில், ஒரு சின்ன வெட்டு இருந்ததை நான் சற்று முன்புதான் கண்டிருந்தேன். பழுது என்று மனதில் குறித்தும் வைத்திருந்தேன்.

பம்பாய்க் காசை நான் எடுக்கவில்லை. “வேண்டாம் அம்மா, கண்டதே போதும்” என்றேன். உண்மையில் போதவில்லை. திரும்பி வரும் வழியில், “தந்தவதானே, எடுத்திருக்கலாமே” என்று கணவர் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அதற்கு முன் மகள் எங்களைத் தெருவரை கொண்டுவந்து விட்டாள். மறுபடி எல்லாவற்றையும் வைத்துத் தைக்கப் போகிறாளா என்று கேட்டேன்.

“அம்மா இருக்குமட்டும் அவவின்ர இடுப்பிலதான் கிடக்கட்டும் மிஸ். அவவுக்கு அது இல்லாட்டி நடக்கேலாது. ஆனா ரெண்டைக் கேக்கப்போறன். என்ர கொடியில போட. ஒளிச்சுவைச்சது போதும்.”

“கேட்டால் தருவாவே?”

“ஒருநாளும் கேக்காததாலதானே தரேல்ல” என்று சொல்லிச் சிரித்தாள். கேட்டதும் சிட்னிக் காசையும் பம்பாய்க் காசையும் தாய் கொடுத்துவிட்டதாகப் பிறகு தொலைபேசியில் சொன்னாள். தேய்ந்த பழைய வளையங்களை மாற்ற எங்கே கொடுக்கலாம் என்றும் கேட்டாள். நானாவின் கடையைச் சொன்னேன். கூடவே போயிருந்து, சூடு முகத்தில் படாமல் விளிம்பில் மட்டும் படும்படி அவரைப் பாடாய்ப் படுத்தினேன். “இந்த மிஸ்ஸோட வேல செய்யேலா” என்று அவர் அலுத்துக்கொண்டாலும், வேலை முடிந்ததும் பம்பாய்க் காசைக் கண்ணாடிக்குள்ளால் நெடுநேரம் பார்த்தார். “இத்தின வருஷத்தில இப்பிடி எத்தினய நான் உருக்கினனோ தெரியா” என்றார்.

இந்த வருடம் வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போனேன். சனக்கூட்டத்துக்குள் மகள் கணவனோடும் பிள்ளையோடும் வந்தாள். நீலச் சேலை. கொடியில் தாலிக்கு இந்தப் பக்கம் சிட்னி, அந்தப் பக்கம் பம்பாய். அவள் நடக்க நடக்க அவை வெயிலில் திரும்பித் திரும்பி மின்னின. போகிற வருகிற பெண்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் அங்கேயே நின்றேன். அவளையும் தாயையும் விட்டால், அந்த நெல்லின் கூர்போன்ற எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் அவ்வளவு பெரிய கூட்டத்திலே நானாகத்தான் இருப்பேன். சாமி வெளியே வர, எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

மரநிழலில் ஒரு கதிரையில் அவளின் தாய் இருந்தா. இப்போது ஊன்றுகோல் மட்டும்தான். என்னைக் கண்டதும் பக்கத்தில் இடம் காட்டி, மடியில் இருந்த நிலக்கடலைச் சுருளை என் கைக்குள் கவிழ்த்தா.

“வறுத்த கச்சான். சூடாக் கிடக்குது, சாப்பிடுங்கோ பிள்ளை” என்றா.